ஒலிக்கு ஓர் ஆற்றுப்படை



மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கையின் பக்கமாக வில்கமுவ என்றொரு பிரதேசம் இருக்கிறது. மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், அருகே வஸ்கமுவ வனவிலங்குப் பூங்கா, இடையிலே வயல்கள். நெற்கதிர் முற்றும் காலத்தில் அங்கே இரவு தூங்குவதற்கு உரியதல்ல. காட்டிலிருந்து யானை இறங்கும். காவற்பரணில் யாராவது விழித்திருக்க வேண்டும். எங்கோ ஒரு யானை வெடி கேட்கும். நாய்கள் குரைக்கும். பிறகு நெடுநேரம் தவளைச் சத்தம் மட்டும்.

அந்தப் பகுதியிலே எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். சிங்களவர். நாங்கள் இருவரும் ஒரே கந்தோரில் பல வருடங்கள் வேலை செய்தவர்கள். அண்மையில் அவர் வீட்டிலே இரண்டு நாள் தங்கியிருந்தேன். இராச் சாப்பாடு முடிந்ததும் அவருடைய மகன் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ஒரு விஷயம் கேட்கவேண்டும்" என்றான். மாமா என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது.

கணினியிலே இசை செய்கிறவன் அவன். பாட்டுக்காரன் அல்ல, எந்த வாத்தியமும் முறையாகப் படித்தவனும் அல்ல. என் காதிலே ஹெட்போனை மாட்டிவிட்டான். முதலில் தவளைகள். பிறகு தொலைவிலே ஒரு வெடி. அதற்குப் பின் ஒரு முதியவரின் குரல், இழுத்து இழுத்து, யாருக்கும் இல்லாமல் தனக்கே பாடுவது போல. சிங்களத்திலே 'பெல் கவி' என்பார்கள். பரணில் காவல் இருப்பவன் தூக்கம் வராமல் இருக்கவும், அடுத்த பரணில் இருப்பவனுக்குத் தான் விழித்திருப்பதைத் தெரிவிக்கவும் பாடுவது. அந்தக் குரலுக்குக் கீழே, நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஓர் இயந்திரத் தாளம் மெல்ல வந்து சேர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது சீயாவின் குரல்" என்றான் பையன். அவனுடைய பாட்டனார். கடைசியாகக் காவலுக்குப் போன வருடம் கைத்தொலைபேசியிலே பதிவு செய்தானாம். இப்போது அவர் இல்லை.

அந்த இசையை இணையத்தில் ஏற்றி ஐந்து மாதமாகிறது. கேட்டவர்கள் 41 பேர். அவர்களிலே பாதிப் பேர் அவனுடைய நண்பர்கள். ஆனால் எப்படியோ வெளிநாட்டு இசை வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் காதுக்கும் அது எட்டிவிட்டது. 'லேபல்' என்று இந்தத் துறையில் சொல்லப்படும் நிறுவனம். அவர்கள் ஓர் ஒப்பந்தம் அனுப்பியிருந்தார்கள். பதிவில் உள்ள அனைத்து ஒலிகளுக்குமான உரிமை, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் அவர்களுக்கே என்று அதிலே இருந்தது.

"இவர்கள் எனக்கு என்ன செய்வார்கள், மாமா? அதற்காக நான் எதைக் கொடுக்கிறேன்?"

வானொலிக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டான். அன்றிரவு அவனுக்கு நான் துண்டு துண்டாகச் சொன்னவற்றைத்தான் இன்று உங்கள் முன் ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

முதலில் நம்முடைய இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை நூல்கள். பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற மற்றொரு கலைஞனைப் பார்த்து, இன்ன வழியே போ, இன்ன வள்ளலைக் காண்பாய் என்று வழிகாட்டுவதுதான் அவற்றிலே நான்கின் அமைப்பு. பாணனுக்கும் பொருநனுக்கும் கூத்தனுக்கும் திறமை இருந்தது. இல்லாமல் இருந்தது வழி. எந்த மலையைக் கடப்பது, எந்த வாசலில் நிற்பது என்று சொல்ல ஒருவன் தேவைப்பட்டான். கூத்தராற்றுப்படை என்று பெயர் பெற்ற மலைபடுகடாத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதிலே வழி எவ்வளவு விரிவாகச் சொல்லப்படுகிறது என்பது. வாத்தியங்களின் பெயர்களும், மலையிலே எழும் ஒலிகளும் அதிலே வரிசையாக வருகின்றன. ஒலிகளைத் தொகுத்து வைக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல.

இசைத்தட்டு வந்தபோது இந்த வழிகாட்டும் வேலை ஒரு வியாபாரமாயிற்று. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் கிராமபோன் கொம்பனிக்காகக் கல்கத்தாவில் பதிவுகள் செய்தார். அப்போது பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவிலே தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இன்றும் அந்தத் தட்டைக் கேட்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். காரணம் எளிது. தட்டுக்களை அழுத்தி எடுக்கும் தொழிற்சாலை அப்போது ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பாடகியையும் தெரியாது, மொழியையும் தெரியாது. நடுவிலே ஒட்டும் தாளில் எந்தப் பெயரை அச்சிடுவது என்று அவர்கள் அறிவதற்காகவே அந்த ஏற்பாடு. அந்த வட்டத் தாளுக்குத்தான் 'லேபல்' என்று பெயர். பின்னாளிலே தாளின் பெயர் நிறுவனத்தின் பெயராகிவிட்டது.

சென்னையிலே 1930களில் இது நன்றாக வேரூன்றியது. பின்னர் ஏ.வி.எம். படநிறுவனத்தைத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார் அப்போது சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தியவர்களில் ஒருவர். ஜெர்மனியின் ஓடியன் தட்டுக்கள் தென்னாட்டிலே அவர்கள் மூலமாக வந்தன. பாட்டு வரிகளைச் சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பது அந்தக் காலத்துக் கொம்பனிகளின் வழக்கம். முழு நாடகத்தையே பல தட்டுக்களில் ஒரு தொகுதியாக வெளியிடுவார்கள். ஊர் ஊராக விற்பனையாளர் இருப்பார். தட்டு வாங்க வசதியில்லாதவன் கடைவாசலில் நின்று கேட்பான். புத்தகத்தை வாங்கிப் போய் வீட்டில் பாடுவான். நாடக மேடைக்கு வரமுடியாத ஊர்களுக்கெல்லாம் கிட்டப்பாவின் குரலும் சுந்தராம்பாளின் குரலும் சென்றது இப்படித்தான்.

அதற்கடுத்த பெரிய வாசல் நம் நாட்டிலே திறந்தது. யுத்தகாலத்தில் கொழும்பிலிருந்து இயங்கிய படைவீரர் வானொலியின் நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இலே இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களுக்கு இடம் இல்லாமல் செய்தார். கேட்க ஆசைப்பட்டவர்கள் எல்லாம் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' ஒரு பற்பசை நிறுவனத்தின் செலவில் நடந்தது. அமீன் சயானி பம்பாயிலே பதிவு செய்ய, ஒலிநாடா கொழும்புக்கு வரும். இங்கிருந்து முழு இந்தியாவும் கேட்கும். கடைகளிலே எந்தத் தட்டு எவ்வளவு விற்றது, நேயர் மன்றங்கள் எதைக் கேட்டன என்று பார்த்துப் பாடல்களை வரிசைப்படுத்தினார்கள். தட்டு விற்றதால் பாட்டு வரிசையில் ஏறும். வரிசையில் ஏறியதால் தட்டு மேலும் விற்கும்.

தமிழிலே எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்பதற்காகத் தமிழகத்தில் வானொலிப் பெட்டிகள் கொழும்பை நோக்கியிருந்த காலமும் அதுவே. ஓர் அறிவிப்பாளர் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் அழகாக, பிழையில்லாமல் உச்சரிப்பது சாதாரண காரியம் அல்ல. "இவரை நான் அறிவேன், நீங்களும் கேளுங்கள்" என்று அவர் பொறுப்பேற்கிறார். லேபல் கலைஞனுக்குச் செய்கிற உதவியின் சாரமும் இதுதான். பணம், தட்டு அடிக்கும் செலவு, விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு. முன்பின் தெரியாத ஒருவனுடைய படைப்பைக் கேட்கலாம் என்று, நம்பத்தக்க ஒரு வாய் சொல்வதே முதல் உதவி.

நம் நாட்டுக்குள்ளேயும் இதைச் செய்தவர்கள் உண்டு. ஜெரல்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' லேபல், சிங்கள பொப் இசைக் குழுக்களின் தட்டுக்களை வெளியிட்டதோடு நிற்கவில்லை. 'சூரியா ஷோ' என்று மேடை நிகழ்ச்சிகளையும் நடத்தியது. தட்டிலே கேட்டவர் மேடைக்கு வருவார். மேடையிலே பார்த்தவர் தட்டை வாங்குவார். தமிழ்ப் பொப் பாடல்களுக்கு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்ற நல்ல பாடகர்கள் இருந்தார்கள். மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து போய் 1977இலே தமிழ்த் திரைப்படத்துக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அந்தப் பாடகர்கள் எல்லோரையும் ஒரே குடைக்கீழ் வைத்து, ஆண்டுக்காண்டு தாங்கிப் பிடிக்கச் சூரியாவைப் போன்ற ஓர் இல்லம் தமிழ்ப் பொப்புக்கு அமையவில்லை என்பது என் எண்ணம். பாட்டு வாழ்ந்தது, பாடியவர்களின் பெயரைப் பலர் மறந்தார்கள்.

இதுவரை சொன்னது குரல் இசை. பையன் செய்வது இயந்திர இசை. அதற்கு நான் கண்ட மிகச் சிறந்த உதாரணம் பம்பாயிலே இருக்கிறது.

சரண்ஜித் சிங் என்பவர் ஹிந்தித் திரைப்படங்களின் வாத்தியக் குழுக்களிலே வாசித்தவர். 1982இலே அவர் ஜப்பானின் றோலண்ட் நிறுவனம் செய்த மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். ஒன்று தாளத்துக்கு, ஒன்று கீழ்ச்சுருதி வரிசைக்கு, ஒன்று மேலே ராகத்துக்கு. நம்மவர்களுக்குச் சொல்வதானால் பைரவ் என்பது நமது மாயாமாளவகௌளை; யமன் நமது கல்யாணி; பூபாளி மோகனம்; மால்கௌன்ஸ் ஹிந்தோளம். அவற்றின் கீழே நிற்காமல் ஓடுகிற டிஸ்கோ தாளம். எச்.எம்.வி. அதை நீண்டநேர இசைத்தட்டாக வெளியிட்டது. நாட்டிலேயே பெரிய லேபல். எல்லா ஊரிலும் அவர்களுடைய தட்டு விற்கும் கடை இருந்தது. ஆயினும் இந்தத் தட்டு விலைபோகவில்லை. கடைக்காரர் நிலையை நினைத்துப் பாருங்கள். திரைப்பாட்டு அடுக்கில் வைக்க அது திரைப்பாட்டு அல்ல. சாஸ்திரிய இசை அடுக்கில் வைத்தால் ரசிகர் கோபிப்பார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987இலே அமெரிக்காவின் சிக்காகோ நகரில், அதே கீழ்ச்சுருதிக் கருவியை வைத்து சில இளைஞர்கள் செய்த தட்டு ஒன்று 'அசிட் ஹவுஸ்' என்ற புதிய இசைவகைக்கே தொடக்கம் என்று கொண்டாடப்பட்டது. பம்பாயில் நடந்ததை யாரும் அறியவில்லை.

2002இலே ஹொலாந்து நாட்டவரான எடோ பௌமன் என்ற சேகரிப்பாளர் இந்தியாவிலே பழைய தட்டுக்களைத் தேடியபோது சரண்ஜித் சிங்கின் தட்டு கையில் கிடைத்தது. அவர் அந்தக் கலைஞரையே தேடிப்போய்ச் சந்தித்தார். 2010இலே 'பொம்பே கனெக்ஷன்' என்ற தம்முடைய சிறிய லேபலில் மீண்டும் வெளியிட்டார். உலகமெங்கும் பேச்சு எழுந்தது. 1982இலே இப்படி ஓர் இசை இருந்திருக்கவே முடியாது, யாரோ இப்போது செய்து ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங், அந்த ராகங்களை ஐரோப்பாவின் இளைஞர்கள் முன்னால் வாசித்தார். 2015 ஜூலையிலே காலமானார்.

ஒரே இசைதான்; ஒரு சுரமும் மாறவில்லை. மாறியது அதைக் கொண்டுபோன கை. பெரிய கையிலே ஆயிரம் தட்டுக்களோடு அதுவும் ஒன்று. சிறிய கையிலே அது ஒன்றே ஒன்று. சிறிய லேபலுக்கு அதைக் கேட்கக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தது. பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அப்படியானால் இருபத்தெட்டு வருடம் காத்திருக்க வேண்டுமா, மாமா?" எனக்குப் பதில் சொல்ல இயலவில்லை.

சில வேளைகளில் லேபல் ஓர் இசைக்குப் பெயரே வைத்துவிடுகிறது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலே ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூன்று இளைஞர்கள் தத்தமக்கென்று சிறு லேபல்களைத் தொடங்கித் தங்கள் தட்டுக்களைத் தாங்களே வெளியிட்டார்கள். 1988இலே பிரித்தானிய நிறுவனமொன்று அவர்களுடைய இசையைத் தொகுத்து ஒரு தட்டாக்கியது. சிக்காகோவின் 'ஹவுஸ்' இசையிலிருந்து அதை வேறுபடுத்திக் காட்ட வேண்டியிருந்தது. தலைப்பிலே 'டெக்னோ' என்ற சொல்லைப் போட்டார்கள். அந்தச் சொல் உலகெங்கும் நிலைத்தது. பெயர் கிடைத்த பிறகு கடையிலே அடுக்கும் கிடைத்தது. சரண்ஜித் சிங்குக்கு 1982இலே கிடைக்காமற் போனது அதுதான்.

நம்முடைய வேர்களோடு தொடர்புள்ள கதையொன்றும் உண்டு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இலே லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலே குழந்தைப் பருவத்தைக் கழித்து, யுத்தத்தின் காரணமாக 1986இலே மறுபடியும் லண்டன் சென்றவர். ஒரு சிறிய தாளக் கருவியை வைத்து வீட்டிலேயே பாட்டுக்கள் செய்தார். 2003இலே 'கலாங்' என்ற பாட்டை ஒரு சிறு லேபல் 500 தட்டுக்கள் மட்டும் அடித்து வெளியிட்டது. நடன விடுதிகளில் தட்டு ஓட்டுபவர்களிடையே 'வெள்ளை லேபல்' என்றொரு வழக்கம் உண்டு. நடுவிலே பெயர் அச்சிடாத வெற்றுத் தாளோடு சில நூறு தட்டுக்களை முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுப்பார்கள். சனம் எழுந்து ஆடுகிறதா, உட்கார்ந்துவிடுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். 'கலாங்' அப்படியே பரவியது. 2004இலே எக்ஸ்.எல். றெக்கோடிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 1989இலே இத்தகைய நடன இசைக்காகவே தொடங்கப்பட்ட லண்டன் நிறுவனம் அது.

முதற் தொகுப்பு வெளிவரத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியிலே, 2004 டிசம்பரில், அவரும் டிப்லோ என்ற தட்டு ஓட்டுநரும் சேர்ந்து தம்முடைய பாட்டுக்களையும் பிறருடைய தாளங்களையும் கலந்து ஒரு கலவைத் தொகுப்புச் செய்து நிகழ்ச்சிகளிலே கையளித்தார்கள். 2005 மார்ச்சிலே தந்தையின் பெயரைக் கொண்ட 'அருளர்' வெளிவந்தபோது, கேட்கக் காத்திருந்தவர்கள் தயாராக இருந்தார்கள். 2007இலே தாயின் பெயரில் 'கலா' வந்தது. அதிலே நம்முடைய உறுமி மேளம் ஒலித்தது. அதிலிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு 2008இலே ஒரு ஹொலிவூட் படத்தின் முன்னோட்டத்திலே ஒலித்த பிறகு அமெரிக்க விற்பனை வரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. ஒரு பாட்டைத் திரைப்படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்றைய லேபல்களின் முக்கியமான வேலைகளில் ஒன்று. பிறகு அவரே நீற் என்ற பெயரில் ஒரு லேபல் தொடங்கினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தின் பாடல் தொகுப்பு அந்த லேபலின் பெயரோடு வெளிவந்தது. பரிசு பெற்ற பாணன், எதிரே வருபவனுக்கு வழிகாட்டத் தொடங்கிய கதைதானே இது!

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். இன்று ஒரு நல்ல சிறு லேபல் அவனுக்கு என்ன செய்யும்? வெளியீட்டு நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, தான் அறிந்த தட்டு ஓட்டுநர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் பாட்டை அனுப்பி அவர்கள் கருத்தைக் கேட்கும். கொஞ்சம் பெயர் பெற்ற வேறொரு கலைஞரைக் கொண்டு அதே பாட்டை மறுவார்ப்புச் செய்விக்கும். அவருடைய ரசிகர்கள் இவனையும் கேட்பார்கள். தொகுப்புக்களிலே சேர்க்கும். ஒலியைச் செம்மைப்படுத்தும், அட்டைப்படம் செய்யும், நிகழ்ச்சிகளிலே மேடை கொடுக்கும். இவ்வளவும் வில்கமுவவிலிருந்து அவன் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல.

சரி, விலை என்ன? ஆற்றுப்படையிலே வழிகாட்டிய பாணன் மற்றவனுடைய யாழைக் கேட்டதில்லை. இக்காலத்து வழிகாட்டி சில வேளை யாழையும் கேட்கிறான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குமேல் 70 ஆண்டுகளும் நிற்கும். அந்தக் காலம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தால், அவனுடைய பேரன் சீயாவின் குரலைப் பயன்படுத்துவதற்கு எங்கோ இருக்கிற கந்தோருக்கு விண்ணப்பம் எழுத வேண்டிவரும். அந்த லேபல் மூடப்பட்டு, உரிமை வேறு கைக்கு மாறினால் எங்கே எழுதுவது என்றும் தெரியாது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 41 பேரோடு அந்தக் குரல் நின்றுவிடுவதும் ஓர் இழப்பே. சரண்ஜித் சிங்கின் தட்டு இருபதாண்டுகள் தூசியிலே கிடந்ததை நினைத்தேன். எனவே மூன்று விஷயம் எழுதிக் கேட்கச் சொன்னேன். உரிமை சில வருடங்களுக்கு மட்டும். பிறகு திரும்பி வரவேண்டும். சீயாவின் மூலப்பதிவு அவர்கள் வெளியிடும் பாட்டிலே ஒரு பகுதியாக மட்டுமே போகவேண்டும். அது குடும்பத்தின் சொத்து. கடைசியாக, அந்தப் பாட்டை யாருக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வழி தெரிந்தவன் வழியைச் சொல்லத் தயங்கமாட்டான்.

நண்பர் திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாட் காலை ஹெட்டிப்பொலவிலே பஸ் ஏற்றிவிட வந்தபோது பையன் சொன்னான், இரவே எழுதி அனுப்பிவிட்டதாக. நான் சொன்ன மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் தானே சேர்த்திருந்தான். வெளியீட்டிலே தன் பெயருக்கு மேலே சீயாவின் பெயர் அச்சிடப்பட வேண்டும். பதிவின் கடைசியிலே சீயா தன் பெயரைச் சொல்லவில்லையே, அதனால் தான் சொல்லவேண்டியிருக்கிறது என்றான்.

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் உங்களுக்குச் சொல்வேன்.